எடைச்சீட்டு ஒன்று, கணக்கு மூன்று: மண்டி மென்பொருள் எழுதுவோருக்கும் வாங்குவோருக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாம்பழப் பருவம் நெருங்கினால் கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி வட்டாரத்து மண்டிகளிலும் மாங்கூழ் தொழிற்சாலைகளிலும் புது மென்பொருள் போடும் பேச்சு எழுகிறது. ராயக்கோட்டைத் தக்காளி மண்டியோ, பாலக்கோடு பக்கத்துப் பால் சங்கமோ, தேவை ஒன்றுதான். எடை ஓர் இடத்தில் பதிவாகிறது. அதே விவரம் விவசாயியின் கைப்பேசிக்கு எஸ்எம்எஸ்ஸாகவும், கணக்கரின் டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு வவுச்சர் என்னும் கணக்குப் பதிவாகவும், வங்கிக்குப் பணம் அனுப்பும் பட்டியலாகவும் போய்ச் சேர வேண்டும். மூன்றும் எடைச்சீட்டோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு விவசாயிக்கு எஸ்எம்எஸ்ஸில் ஒரு தொகையும் வங்கிக் கணக்கில் வேறு தொகையும் வந்தால், அவர் எடைமேடையைத்தான் சந்தேகப்படுவார். தவறு பெரும்பாலும் எடைமேடையில் இருப்பதில்லை. மென்பொருள் எழுதப்பட்ட முறையில் இருக்கிறது. அதைத் திருத்தும் வழி எல்லோருக்கும் தெரியவேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

தவறு இப்படி நிகழ்கிறது. எடைச்சீட்டை டேட்டாபேஸில் சேமிக்கும் நிரல், அடுத்த வரியிலேயே எஸ்எம்எஸ் சேவையைக் கூப்பிடுகிறது. அதற்கடுத்த வரியில் டேலிக்கு அனுப்புகிறது. எழுத எளிது, சோதனையில் ஒழுங்காக ஓடும். ஆனால் எஸ்எம்எஸ் சேவை பதில் தர 30 விநாடி எடுத்தால் திரை உறைந்து நிற்கும். ஊழியர் பொத்தானை மறுபடி அழுத்துவார், ஒரு வண்டிக்கு இரண்டு சீட்டு விழும். எஸ்எம்எஸ் போனபிறகு டேட்டாபேஸ் பரிவர்த்தனை (முழுதாக நடக்கும், இல்லையேல் முழுதாக ரத்தாகும் மாற்றத் தொகுப்பு) ரத்தானால், இல்லாத சீட்டுக்கு விவசாயியிடம் குறுஞ்செய்தி இருக்கும். சேமித்த கையோடு மின்சாரம் போனால், சீட்டு இருக்கும். எஸ்எம்எஸ்ஸும் இல்லை, வவுச்சரும் இல்லை. அனுப்பவில்லை என்ற தகவல்கூட எங்கும் இருக்காது. இந்த மூன்றாவதுதான் மோசமானது, ஏனென்றால் யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. வரிகளை முன்பின் மாற்றிப் போட்டாலும், பிழை பிடிக்கும் நிரலைச் சுற்றிலும் போட்டாலும் இது தீராது. டேட்டாபேஸுக்கும் எஸ்எம்எஸ் சேவைக்கும் பொதுவான ‘கமிட்’ (மாற்றத்தை உறுதிசெய்யும் கட்டளை) கிடையாது. ஒன்று முடிந்து மற்றொன்று முடியாத ஒரு கணம் எப்போதும் இருந்தே தீரும்.

நிரல் எழுத உதவும் சட்டகங்களான ரெயில்ஸில் ‘ஆஃப்டர் கமிட்’, ஜாங்கோவில் ‘ஆன் கமிட்’ என்ற கொக்கிகள், அதாவது கமிட் ஆனதும் தானாக ஓடும் நிரல்கள், உண்டு. அவற்றைப் போட்டிருக்கிறோமே என்று சிலர் சொல்வார்கள். பரிவர்த்தனை உறுதியான பிறகே எஸ்எம்எஸ் கிளம்பும் என்பதால் பாதிப் பிரச்சினை தீரும். மறுபாதி அப்படியே இருக்கிறது: கமிட்டுக்கும் அனுப்புதலுக்கும் நடுவில் நிரல் செத்தால் செய்தி செத்ததுதான். மண்டிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. காலையில் வந்த சரக்குக்கு விலை மாலையில்தான் முடிவாகும். அப்போது 200 சீட்டுகளுக்கும் ஒரே கட்டளையில் விலை ஏற்றுவார்கள். இப்படி மொத்தமாக மாற்றும் கட்டளைகள் ரெயில்ஸிலும் ஜாங்கோவிலும் ஒவ்வொரு பதிவுக்குமான கொக்கியை இழுப்பதில்லை. யாராவது டேட்டாபேஸுக்குள் நேராகப் போய் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் மொழி) எழுதித் திருத்தினாலும் அப்படியே. சீட்டில் புது விலை, டேலியில் பழைய விலை.

ஆக, மாற்றம் நடந்த செய்தி நிரலின் நினைவிலிருந்து புறப்படக் கூடாது, டேட்டாபேஸுக்குள்ளிருந்தே புறப்பட வேண்டும். இதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன.

முதல் வழி, ஒவ்வொரு பதிவிலும் ‘கடைசியாக மாறிய நேரம்’ என்று ஒரு கட்டம் வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை “போன தடவைக்குப் பிறகு மாறியவை எவை?” என்று கேட்பது. அழிக்கப்பட்ட பதிவு இதில் தெரியவே தெரியாது. அதனால் அழிப்பதற்குப் பதில் ‘ரத்து’ என்று குறிக்கும் வழக்கம் வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் இரண்டுமுறை மாறினால் முதல் மாற்றம் காணாமல் போகும். இன்னொரு பள்ளம் பலருக்குத் தெரியாது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ‘நவ்’ என்று நேரம் கேட்டால் பரிவர்த்தனை தொடங்கிய நேரம்தான் கிடைக்கும், முடிந்த நேரம் கிடைக்காது. 10 மணிக்குத் தொடங்கி 7 விநாடி கழித்து முடிந்த பரிவர்த்தனையின் பதிவில் 10:00:00 என்றே இருக்கும். நம் கேள்வி 10:00:05-க்குப் போயிருந்தால் அந்தப் பதிவு அப்போது கண்ணில் படாது. அடுத்தமுறை 10:00:05-க்குப் பிறகானவற்றைக் கேட்போம், அப்போதும் படாது. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் பின்னோக்கிச் சேர்த்துக் கேட்டு, ஏற்கெனவே போனதைப் பெறுபவர் ஒதுக்கிவிட்டால் இதைச் சமாளிக்கலாம். ஒரு நாளைக்குச் சில நூறு பதிவுகள் உள்ள கடைக்கு இதுவே போதும். நேரக் கட்டத்துக்கு இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டி) போட மறக்கக் கூடாது.

இரண்டாவது வழியைத்தான் நம் மாவட்டங்களின் அளவுக்கு நாங்கள் பரிந்துரைக்கிறோம். உலகெங்கும் இதற்கு ‘அவுட்பாக்ஸ்’ என்று பெயர். அனுப்பவேண்டியவை பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். சீட்டு அட்டவணை இருக்கும் அதே டேட்டாபேஸில் இன்னோர் அட்டவணை. அதில் வரிசை எண், எந்தச் சீட்டு, என்ன நடந்தது, அந்தச் சீட்டின் எத்தனையாவது திருத்தம், விவரம், எழுதிய நேரம், எடுத்துச்சென்ற கெடு, அனுப்பிய நேரம், எத்தனை முயற்சி என்ற கட்டங்கள். எஸ்எம்எஸ், டேலி, வங்கி என்று பெறுபவருக்கு ஒரு வரியாகப் போட்டால் ஒன்றின் தடங்கல் மற்றொன்றைப் பிடிக்காது. சீட்டைச் சேமிக்கும் அதே பரிவர்த்தனைக்குள் இந்தப் பெட்டியிலும் எழுத வேண்டும். இரண்டும் ஒரே கமிட்டில் உறுதியாகும், அல்லது இரண்டும் ரத்தாகும். நடுநிலை கிடையாது. அனுப்பும் வேலையைத் தனியான ஒரு சிறு நிரல் பின்னணியில் பார்த்துக்கொள்ளும். ஊழியரின் திரை அதற்காகக் காத்திருக்காது.

அந்தப் பின்னணி நிரலை எழுதுவதில்தான் கவனம் வேண்டும். “கடைசியாக அனுப்பிய வரிசை எண் 502, இனி 503 முதல்” என்று நினைவு வைத்துக்கொண்டு படிப்பது பெரும்பாலோர் செய்யும் பிழை. 501-ஐ வாங்கிய பரிவர்த்தனை மெதுவாகவும் 502-ஐ வாங்கியது வேகமாகவும் முடிந்தால், 502 முதலில் கண்ணில் படும். பின்னால் வந்து சேரும் 501-ஐ யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வரிசை எண் கொடுக்கப்படும் ஒழுங்கும் கமிட் ஆகும் ஒழுங்கும் ஒன்றல்ல. எனவே எண்ணை நினைவில் வைக்காமல், ‘அனுப்பிய நேரம்’ காலியாக உள்ள வரிகளை எடுங்கள். காலியானவற்றுக்கு மட்டும் தனி இண்டெக்ஸ் போட்டால் பெட்டி எவ்வளவு வளர்ந்தாலும் தேடல் வேகமாக இருக்கும். அனுப்பி முடித்த வரிகளை ஏழு நாள் கழித்து அழித்துவிடலாம்.

எடுக்கும்போது ‘ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்டு’ என்ற வசதியைப் பயன்படுத்துங்கள், போஸ்ட்கிரெஸ் 9.5 முதலும், மற்றொரு டேட்டாபேஸான மைசீக்வல் 8 முதலும் இருக்கிறது. ஒருவர் கையில் உள்ள வரியை அடுத்தவர் தொடாமல் தாண்டிப் போவார். ஆனால் வரியைப் பூட்டியபடியே வெளிச்சேவையைக் கூப்பிட வேண்டாம். அது 30 விநாடி இழுத்தால் பரிவர்த்தனையும் 30 விநாடி திறந்திருக்கும். போஸ்ட்கிரெஸ் பழைய குப்பையைக் கூட்டும் வேலை அதனால் தடைப்படும். 100 வரிகளை எடுத்து, ‘இரண்டு நிமிடம் என் பொறுப்பு’ என்று கெடு எழுதி, கமிட் செய்யுங்கள். பிறகு ஒவ்வொன்றாக அனுப்பி, அனுப்பிய நேரத்தைக் குறியுங்கள். நடுவில் நிரல் செத்தால் கெடு முடிந்ததும் அந்த வரி தானாகவே மறுபடி கிடைக்கும்.

எத்தனை நிரல் ஓட வேண்டும்? ஒன்று போதும். ஓர் அனுப்புதலுக்குப் பத்தில் ஒரு விநாடி என்று வைத்தாலும் மணிக்கு 36,000 அனுப்பலாம். எந்த மண்டிக்கும் இது தாராளம். இரண்டு மூன்று ஓட்டினால் ஒரே சீட்டின் இரண்டாவது திருத்தம் முதல் திருத்தத்தை முந்திக்கொள்ளும் ஆபத்து வருகிறது. அப்படி ஓட்டியே ஆகவேண்டும் என்றால் சீட்டு எண்ணைக் கொண்டு பிரித்து, ஒரு சீட்டின் எல்லா மாற்றங்களும் ஒரே நிரலுக்குப் போகும்படி செய்யுங்கள். உடனுக்குடன் போகவேண்டும் என்றால் போஸ்ட்கிரெஸ்ஸின் ‘நோட்டிஃபை’ கொண்டு நிரலை எழுப்பலாம். எழுப்ப மட்டும்தான், விவரம் அனுப்ப அல்ல. அதில் 8000 பைட்டுக்கு மேல் போகாது. அந்த நேரம் கேட்பவர் இல்லாவிட்டால் செய்தி காற்றோடு போய்விடும். ஆகவே எழுப்புவது ஒருபுறம் இருக்க, ஐந்து விநாடிக்கு ஒருமுறை பெட்டியைத் தானாகப் பார்ப்பதும் தொடர வேண்டும்.

மொத்தமாக விலை ஏற்றுவதும் நேராக எஸ்க்யூஎல் எழுதுவதும் நடக்கும் இடங்களில், பெட்டியில் எழுதும் பொறுப்பை நிரலிடம் விடாமல் டேட்டாபேஸ் டிரிக்கரிடம் (அட்டவணை மாறியதும் டேட்டாபேஸே தானாக ஓட்டும் சிறு நிரல்) கொடுங்கள். சேர்த்தல், மாற்றல், அழித்தல் மூன்றுக்கும் வரிக்கு வரி ஓடும் டிரிக்கர், பழைய வரி புதிய வரி இரண்டையும் ஜேசன் என்ற உரை வடிவாக்கிப் பெட்டியில் போட்டுவிடும். என்ன மாறியது என்பது அதற்குத் தெரியும். ஏன் மாறியது, அதாவது விலைத் திருத்தமா எடைத் திருத்தமா என்பது தெரியாது. காரணம் தேவைப்பட்டால் சீட்டிலேயே அதற்கொரு கட்டம் வையுங்கள். மைசீக்வல் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. அதன் 8-ஆம் பதிப்புகளில், தாய்ப் பதிவை அழிக்கும்போது சார்ந்த பதிவுகளும் தாமாக அழியும்படி வைத்திருந்தால், அந்தத் தொடர் அழிவுகளுக்கு டிரிக்கர் ஓடாது, மாற்றப் பதிவேட்டிலும் அவை ஏறாது. அழிப்பை வெளியே அனுப்ப வேண்டிய அட்டவணையில் அந்த வசதியை நீக்கிவிட்டு, சார்ந்தவற்றை நிரலே முதலில் அழிக்கட்டும்.

மூன்றாவது வழி, டேட்டாபேஸின் சொந்தக் குறிப்பேட்டையே படிப்பது. கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நடவடிக்கையை முதலில் குறிப்பேட்டில் எழுதி, பிறகு பேரேட்டில் எடுத்தெழுதுவோம் அல்லவா? டேட்டாபேஸும் அப்படியே செய்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு தொடர் பதிவேட்டில் எழுதிய பிறகே அட்டவணைக் கோப்புகளில் ஏற்றுகிறது. போஸ்ட்கிரெஸ்ஸில் அதன் பெயர் ‘வால்’. மைசீக்வலில் இப்படிப் படிக்க உதவுவது ‘பின்லாக்’ என்ற தனி மாற்றப் பதிவேடு. அந்தப் பதிவேட்டை ஒருவர் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்தால், மைசீக்வலில் மேலே சொன்ன தொடர் அழிவுகள் தவிர, எந்த மாற்றமும் தப்பாது. பயன்பாட்டு நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். போஸ்ட்கிரெஸ்ஸில் இந்தப் படிப்பு வசதி 2014-இல் வந்த 9.4 பதிப்பிலிருந்து இருக்கிறது. ‘வால் லெவல்’ என்ற அமைப்பை ‘லாஜிக்கல்’ என்று மாற்றி, சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். மைசீக்வலில் பின்லாக் வரி வடிவில், முழு வரியுடன் இருக்க வேண்டும். படித்து அனுப்ப டெபீசியம் என்ற திறமூலக் கருவி இருக்கிறது. அதைக் காஃப்கா என்ற செய்தி கடத்தும் மென்பொருளோடுதான் ஓட்ட வேண்டும் என்பதில்லை. ‘டெபீசியம் சர்வர்’ என்ற வடிவம் காஃப்கா இல்லாமலும் ஓடும்.

இதன் அபாயத்தைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் இதைப் போடக் கூடாது. போஸ்ட்கிரெஸ்ஸில் படிப்பவருக்காக ‘ஸ்லாட்’ என்று ஓர் அடையாளம் வைக்கப்படும். அவர் எதுவரை படித்தார் என்பதை அது நினைவில் வைத்திருக்கும். அவர் படித்து முடித்ததாகச் சொல்லாதவரை பதிவேட்டின் பழைய கோப்புகளை போஸ்ட்கிரெஸ் அழிக்காது. படிக்கும் நிரல் வெள்ளி இரவு நின்று, திங்கள் காலைவரை யாரும் கவனிக்காவிட்டால், 16 எம்பி கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். டிஸ்க் நிறைந்ததும் டேட்டாபேஸே நின்றுவிடும். எஸ்எம்எஸ் போகாதது போய், எடைச்சீட்டே போடமுடியாத நிலை வரும். மதகைத் திறக்க ஆளில்லாத ஏரியின் கரை உடைவதைப் போன்றது இது. 13-ஆம் பதிப்பிலிருந்து ஸ்லாட்டுக்காக எவ்வளவு வரை சேர்த்துவைக்கலாம் என்று உச்சவரம்பு வைக்கமுடியும். இயல்பாக அது வரம்பில்லாமல் இருக்கிறது, நாம்தான் வைக்க வேண்டும். வரம்பைத் தாண்டினால் ஸ்லாட் செல்லாததாகிவிடும். தொடக்கத்திலிருந்து முழுப் பிரதி எடுத்து மறுபடி தொடங்க வேண்டும். டேட்டாபேஸ் பிழைக்கவேண்டுமா, தொடர்ச்சி பிழைக்கவேண்டுமா என்றால் டேட்டாபேஸ்தான். தயங்காமல் வரம்பை வையுங்கள்.

வேறு சில பள்ளங்களும் உண்டு. ஒரே சர்வரில் இரண்டு டேட்டாபேஸ் இருந்து, நாம் படிப்பது அமைதியாகவும் மற்றது பரபரப்பாகவும் இருந்தால், நம் ஸ்லாட் நகராமலே பதிவேடு குவியும்; சில நிமிடத்துக்கு ஒருமுறை நம் டேட்டாபேஸில் ஒரு துடிப்பு வரி எழுதினால் அது நகரும். முதன்மைச் சாவி (வரியைத் தனித்து அடையாளம் காட்டும் கட்டம்) இல்லாத அட்டவணையைப் படிப்பவருக்கென வெளியிட்டால் அதில் மாற்றமும் அழிப்பும் பிழையாகிவிடும், அதாவது பயன்பாடே அடிபடும். அழிப்பு நிகழ்வில் இயல்பாகச் சாவி மட்டும்தான் வரும், பழைய வரி முழுதாக வராது. நீளமான உரை உள்ள கட்டம் மாறாதிருந்தால் அதன் மதிப்பு செய்தியில் இருக்காது. அதை ‘காலி’ என்று எண்ணிப் பெறுபவர் தன்னிடமிருந்த நல்ல விவரத்தை அழித்துவிடக் கூடாது. டெபீசியம் தசமத் தொகைகளை இயல்பில் பைட்டுகளாக அனுப்பும். அதை எழுத்துச் சரமாக மாற்றும் அமைப்பு உண்டு, மாற்றிவிடுங்கள். தானாக மாற்று சர்வருக்குத் தாவும் ஏற்பாடு வைத்திருந்தால், போஸ்ட்கிரெஸ்ஸின் 17-ஆம் பதிப்புக்கு முன் ஸ்லாட் கூடவே தாவாது.

இத்தனையும் கவனிக்க ஆள் இருக்கிற தொழிற்சாலைகளுக்கு இந்த மூன்றாவது வழி பொருந்தும். ஐந்து பேர் வேலைசெய்யும் மண்டிக்கு அவுட்பாக்ஸ் போதும். பெரிய நகரத்து நிறுவனங்கள் காஃப்கா வைத்திருக்கின்றன என்பதற்காக நாமும் வைக்கவேண்டியதில்லை.

அனுப்புபவர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் பெறுபவரும் சரியாக இருந்தால்தான் கணக்கு ஒக்கும். அனுப்பினோம், அங்கே வேலையும் முடிந்தது, ஆனால் ‘சரி’ என்ற பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்தது என்றால், நாம் மறுபடி அனுப்புவோம். தவிர்க்கமுடியாது. ‘குறைந்தது ஒருமுறை’ என்பதே இந்த முறைகள் தரும் உறுதி. ‘ஒரே ஒருமுறை’ என்ற விளைவைப் பெறுபவர்தான் உண்டாக்க வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் மாறாத ஓர் அடையாள எண் இருக்கட்டும். பெறுபவர் அதைத் தனித்தன்மை விதி உள்ள அட்டவணையில், தன் வேலையைச் செய்யும் அதே பரிவர்த்தனைக்குள் எழுதட்டும். இரண்டாம் முறை வந்தால் அந்த விதி தடுக்கும். உடனே ‘சரி’ என்று பதில் சொல்லிவிடலாம். திருத்த எண் தன்னிடம் உள்ளதைவிடச் சிறியதாக இருந்தால் அந்தச் செய்தியை ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய விலை புதிய விலையின்மேல் ஏறிவிடும்.

வெப்ஹுக் (நிகழ்வு நடந்ததும் பெறுபவரின் இணைய முகவரிக்குச் செய்தி தள்ளும் முறை) மூலம் அனுப்பினால் செய்தி நம்மிடமிருந்துதான் வந்தது என்று உறுதிசெய்ய இரகசியச் சாவியால் ஆன ஹெச்மேக் ஷா-256 கையொப்பம் போடுகிறோம். தமிழில் பெயரும் ஊரும் இருக்கும் செய்திகளில் இது அடிக்கடி உடைகிறது. கையொப்பம் பைட்டுகளின்மேல் போடப்படுகிறது. ‘மாரியப்பன்’ என்ற பெயரை ஒரு நிரல்மொழி யுடிஎஃப்-8 எழுத்தாகவே ஜேசனில் எழுதும், இன்னொன்று ஒவ்வோர் எழுத்தையும் பின்சாய்கோட்டுக் குறியீட்டு எண்ணாக மாற்றி எழுதும். பொருள் ஒன்று, பைட்டுகள் வேறு. பெறுபவர் ஜேசனைப் பிரித்து மறுபடி கட்டிக் கையொப்பத்தைச் சரிபார்த்தால் ஆங்கிலப் பெயர்கள் தேறும், தமிழ்ப் பெயர்கள் தேறாது. வந்த பைட்டுகளை அப்படியே வைத்துச் சரிபார்த்த பிறகுதான் பிரிக்க வேண்டும். ‘ொ’ என்ற குறியும் யூனிகோடில் ஒரே எண்ணாகவும் எழுதலாம், ‘ெ’, ‘ா’ என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். பெயரை வைத்து இரு பக்கப் பதிவுகளைப் பொருத்தினால் ‘பொன்னுசாமி’ இரண்டு ஆளாகிவிடுவார். பொருத்துவதற்கு எண்ணையே பயன்படுத்துங்கள். பெயரைச் சேமிக்கும்போதே ஒரே வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.

தோல்விகளை ஒரே மாதிரி நடத்தக் கூடாது. இணைப்பு அறுந்தாலோ பதில் 500 வகையாக (அவர்கள் சர்வரின் கோளாறாக) இருந்தாலோ 10 விநாடி, 1 நிமிடம், 5 நிமிடம், 30 நிமிடம், 2 மணி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே முயலலாம். 429 (அளவுக்கு மீறி அனுப்புகிறீர்கள்) என்றால் அவர்கள் சொன்ன நேரம்வரை காத்திருக்க வேண்டும். 400 என்றால் செய்தியே தவறு, ஆயிரம் முறை அனுப்பினாலும் தவறுதான். தனியே எடுத்துவைத்து மனிதருக்குக் காட்டுங்கள். அப்படி எடுத்துவைக்காவிட்டால் வரிசையின் தலையில் ஒரு கெட்ட செய்தி உட்கார்ந்து பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் மறிக்கும். எடுத்துவைத்த சீட்டின் அடுத்தடுத்த திருத்தங்களையும் கூடவே நிறுத்திவைக்க வேண்டும்.

எஸ்எம்எஸ் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும், ஏனென்றால் போனதைத் திரும்பப் பெறமுடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைகளின்படி அனுப்புநரும் செய்தி வடிவமும் தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவான வடிவத்தோடு ஒரு சொல் ஒத்துப்போகாவிட்டாலும் செய்தி நிராகரிக்கப்படலாம். அது நிரந்தரத் தோல்வி, மறுமுயற்சி வீண். தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 70 குறிகள்தான். நீண்டால் பகுதிக்கு 67. கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கு இங்கே செல்லாது. ‘மாம்பழம்’ என்பது நமக்கு ஐந்தெழுத்து, யூனிகோடில் எட்டு. துணைக்காலும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும்.

டேலி கணக்கரின் கணினியில் இருக்கிறது. இயல்பாக 9000 என்ற போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) எக்ஸ்எம்எல் வடிவச் செய்தியை வாங்கிக்கொள்ளும், அந்தக் கணினியும் நிறுவனக் கோப்பும் திறந்திருந்தால். இரவில் மூடியிருக்கும், வெளியிலிருந்து நேராகத் தொடவும் முடியாது, தொடும்படி இணையத்தில் திறந்துவைக்கவும் கூடாது. ஆகவே இங்கே திசையைத் திருப்புங்கள். அந்தக் கணினியிலேயே ஒரு சிறு நிரல் இருந்து, திறந்ததும் “எனக்கு என்ன பாக்கி?” என்று நம் சர்வரைக் கேட்டு எடுத்துக்கொள்ளட்டும். வவுச்சரில் நம் சீட்டு எண்ணைக் குறிப்பெண்ணாகப் போட்டு, ஏற்றுமுன் அந்த எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கட்டும். இணைப்பு மட்டத்தில் ‘சரி’ என்று பதில் வந்ததாலேயே வவுச்சர் ஏறிவிட்டதாக நினைக்கக் கூடாது. பதிலுக்குள்ளே எத்தனை உருவானது, எத்தனை பிழை என்ற எண்கள் இருக்கும். அவற்றைப் படித்த பிறகே பெட்டியில் ‘அனுப்பியது’ என்று குறிக்க வேண்டும்.

தொகையை ரூபாயில் தசமமாக அனுப்பாமல் பைசாவில் முழு எண்ணாகவும், எடையைக் கிராமில் முழு எண்ணாகவும் அனுப்பினால் வட்டமிடும் வேறுபாடு வராது. நேரத்தை +5:30 என்ற குறியோடு எழுதுங்கள். குறியில்லாமல் அனுப்பினால், இரவு 11 மணிக்கு வந்த வண்டி பெறுபவர் கணக்கில் மறுநாளுக்குப் போய்விடும்.

விவசாயியின் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் எஸ்எம்எஸ் சேவைக்குத் தேவையில்லை. ஆனால் முழு வரியையும் ஜேசனாக்கித் தள்ளும் டிரிக்கரும், குறிப்பேட்டைப் படிக்கும் கருவியும் எல்லாக் கட்டங்களையும் வெளியே கொட்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது செய்யக்கூடாத காரியம். போஸ்ட்கிரெஸ் 15 முதல் எந்தக் கட்டங்கள் வெளியே போகலாம் என்று வெளியீட்டிலேயே வரையறுக்கலாம். அவுட்பாக்ஸில் தேவையான கட்டங்களைப் பெயர்சொல்லி எழுதுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இரவு ஒருமுறை ஒத்துப்பார்ப்பது வேண்டும். அன்றைய சீட்டுகளின் எண்ணிக்கை, மொத்த எடை, மொத்தத் தொகை ஆகிய மூன்றையும் நம் டேட்டாபேஸிலிருந்தும் டேலியிலிருந்தும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கணக்கு எங்கே பிசகியது என்று மறுநாள் காலையிலேயே தெரியும். பகலில் கவனிக்க ஒரே ஓர் எண் போதும்: பெட்டியில் அனுப்பாமல் கிடப்பவற்றுள் மிகப் பழையதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது? பத்தைத் தாண்டினால் பொறுப்பானவரின் கைப்பேசி ஒலிக்க வேண்டும். எத்தனை கிடக்கின்றன என்ற எண்ணிக்கை ஏமாற்றும். ஏலம் முடிந்த வேளையில் அது ஏறுவது இயல்பு.

மென்பொருள் வாங்கும் மண்டிக்காரர்கள் பணம் கொடுக்குமுன் விற்பவரை எதிரே உட்காரவைத்து ஒரு சோதனை செய்யச் சொல்லலாம். இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஐந்து சீட்டு போடுங்கள். திரை உறையாமல் சீட்டு விழ வேண்டும். கணினியைத் திடீரென்று அணைத்து, மறுபடி போட்டு, கம்பியைச் செருகுங்கள். ஐந்து எஸ்எம்எஸ், ஐந்து வவுச்சர். ஆறும் கூடாது, நான்கும் கூடாது. பிறகு ஐந்துக்கும் ஒரே முறையில் விலையை மாற்றி, டேலியில் ஐந்தும் மாறுகின்றனவா என்று பாருங்கள். ஒரு சீட்டை ரத்துசெய்து அதையும் பாருங்கள். அரை மணி நேர வேலை இது.

பர்கூர், செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரிகளின் மாணவர்கள் இதே பாடத்தை ஒரு மடிக்கணினியில் செலவில்லாமல் செய்துபார்க்கலாம். போஸ்ட்கிரெஸ்ஸில் ‘வால் லெவல்’ மாற்றி, கூடவே வரும் ‘டெஸ்ட் டிகோடிங்’ செருகியோடு ஒரு ஸ்லாட் உண்டாக்குங்கள். ஓர் அட்டவணையில் வரி சேர்த்து, மாற்றி, அழித்து, ‘பீக் சேஞ்சஸ்’ கட்டளையால் பார்த்தால் ஒவ்வொரு மாற்றமும் வரிசையாகத் தெரியும். ‘கெட் சேஞ்சஸ்’ கொடுத்தால் படித்தவை தீர்ந்துபோகும். ரத்துசெய்த பரிவர்த்தனை அதில் வரவே வராது. பிறகு படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு லட்சம் வரிகளைச் சேர்த்து, மாற்றி, மறுபடி மாற்றி, பதிவேட்டுக் கோப்புகள் சேரும் ‘பிஜி வால்’ கோப்புறை வீங்குவதைக் கண்ணால் பாருங்கள். முடிந்ததும் ஸ்லாட்டை நீக்க மறக்க வேண்டாம். நீக்காவிட்டால் அந்த மடிக்கணினியின் டிஸ்க்கும் ஒருநாள் நிறைந்துவிடும்.

இப்படிக்கு,
மென்பொருள் எழுதும் சிலர்,
கிருஷ்ணகிரி.